காற்று விடுவதற்கு முன் ஒரு சுற்று

செல்வமேரி அம்மாவின் விழித்திரையில் நாங்கள் பார்த்த அந்தச் சின்னக் கிழிசல் முன்பே அங்கே இருந்ததா, அல்லது என் சந்தேகத்துக்காக இரண்டாம் முறை சுற்றிப் பார்த்தபோது என் கை அழுத்தியதில் உண்டானதா?

இதற்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. தெரிந்தால், இப்போது என் முன்னால் இருக்கும் இன்னொரு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் திருவள்ளூரில் ஒரு கண் மருத்துவமனையில் அறுவை அரங்கு செவிலியாக வேலை பார்த்தவள். பெயர் சுகன்யா. ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளும் வயது எனக்கு இல்லை. மகள் பிறந்தபோது வேலையை விட்டேன். அவளுக்கு இப்போது இரண்டு வயது ஆகப்போகிறது. வீட்டில் இருந்து பார்க்கும்போது அந்த வேலை முடிந்துபோன ஒன்றாகத்தான் தெரிந்தது. போன வாரம் ஜெனிபர் வந்து அதைக் கலைத்துவிட்டாள்.

ஜெனிபர் எனக்குப் பின்னால் அரங்கில் சேர்ந்தவள். டியூட்டி முடிந்து, கடம்பத்தூரில் ரயிலை விட்டு இறங்கி, நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். குழந்தைக்கு வாங்கி வந்த பிஸ்கட்டை அவளே பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே பேசினாள்.

"புது மைக்ராஸ்கோப் வந்துக்கீதுக்கா. மேடம் இப்ப குனிஞ்சே பாக்கறதில்ல. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினு எதிர்ல பெரிய டிவியைப் பாத்தே ஆபரேஷன் பண்றாங்க. சினிமாவுக்கு வந்த மாரி நாங்களும் கண்ணாடி போட்டுக்கினு நிக்கிறோம்."

"ரவுண்டு பாக்கறாங்களா?"

"அது இல்லாமலா? ஆனா உங்க காலம் மாரி இல்ல. எல்லாருக்கும் ஒரே படம், நிமிந்த படம். அஞ்சு பாத்தியா ஆறு பாத்தியான்னு யாரும் யாரையும் கேக்க வேணாம்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் டம்ளரைக் கீழே வைக்கத் தோன்றியது.

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள். விழித்திரை அறுவை செய்யும் டாக்டர் வைதேகி மேடம் என்னைக் கேட்டாராம். வாரத்தில் இரண்டு நாள், மாகுலா அறுவைச் சிகிச்சை இருக்கும் நாட்களில் மட்டும் வர முடியுமா என்று. புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு ரவுண்டு, அதாவது கண்ணின் ஓரத்தை அழுத்திச் சுற்றிக் காட்டுவதை, சொல்லித்தர ஆள் வேண்டுமாம்.

"நீயே சொல்லிக் குடுக்கலாமே" என்றேன்.

"நான் அழுத்துவேன், சொல்லிக் குடுக்க வராதுக்கா. ஒரு பொண்ணு என்னாண்ட கேக்கறா, நமக்கு வர்ற சந்தேகம் நெஜமா, இல்ல சும்மா பயமான்னு எப்டி தெரிஞ்சிக்கிறதுன்னு. நான் சுகன்யாக்கா வந்து சொல்லுவாங்கன்னு வுட்டுட்டேன்."

எனக்குத் தெரியும் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

நர்சிங் படிப்பு, முதல் வேலை, கண்புரை அரங்கில் கழிந்த நாட்கள் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கண்புரை அரங்கில் வெளிச்சமும் பேச்சும் இருக்கும். நோயாளிகள் வரிசையாக வந்து போவார்கள். விழித்திரை அரங்குக்கு மாற்றியபோதுதான் வேறு உலகத்துக்கு வந்தது போல் இருந்தது. அங்கே விளக்கை அணைத்துவிடுவார்கள். கண்ணுக்குள் நுழையும் ஊசி போன்ற ஒரு விளக்கும், இயந்திரத் திரையில் சில எண்களும்தான் வெளிச்சம். அந்த இருட்டில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று கை பார்த்துச் சொல்ல வேண்டும்.

மருத்துவம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண்ணின் உட்புறப் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் விழித்திரை. அதன் நடுப்பகுதிதான் மாகுலா. எழுத்தைப் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, எதிரில் நிற்பவர் யார் என்று தெரிந்துகொள்வது எல்லாம் அந்தச் சிறு இடத்தால்தான். வயது ஏறும்போது சிலருக்கு அந்த இடத்தில் ஓட்டை விழும். பார்வை முழுவதும் போகாது. ஓரம் தெரியும், நடு தெரியாது.

அதை அடைக்க, கண்ணுக்குள் நிரம்பியிருக்கும் பாகு போன்ற திரவத்தை வெட்டி உறிஞ்சி எடுப்பார்கள். ஓட்டையைச் சுற்றியுள்ள, வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லிய சவ்வை நீலச் சாயம் விட்டு, மெல்லிய இடுக்கியால் உரிப்பார்கள். பிறகு கண்ணுக்குள் இருக்கும் நீரை எடுத்துவிட்டுக் காற்றும், கடைசியில் வாயுவும் நிரப்புவார்கள். நோயாளி முகம் கவிழ்த்தே இருந்தால், அந்த வாயுக் குமிழி மேலே எழும்பி ஓட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அது மூட வழி செய்யும்.

வைதேகி மேடத்திடம் நான் கற்றதில் பாதி, ஓட்டையை அடைப்பது பற்றியது அல்ல. அடைக்கப் போன இடத்தில் வேறு எதையும் கெடுக்காமல் திரும்புவது பற்றியது. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலால்தான் இயந்திரத்தின் பெடலை மிதிப்பார். ஏன் என்று ஒரு முறை கேட்டேன். "செருப்புக்கு எவ்வளவு அழுத்தறோம்னு தெரியாது, காலுக்குத் தெரியும்" என்றார். விளக்கை மாகுலாவுக்கு நேராகப் பிடிக்கவே மாட்டார், சற்று எட்டியே பக்கவாட்டில் பிடிப்பார். பார்க்காத நேரத்தில் ஒளியைக் குறைக்கச் சொல்வார். அந்த ஒளியே அதிக நேரம் பட்டால் மாகுலாவைச் சுட்டுவிடும். நீலச் சாயத்தை விட்ட சூட்டிலேயே கழுவி எடுத்துவிடுவார். வாயுவைக் காற்றோடு கலக்கும்போது இரண்டு பேர் அளவைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கலக்காத வாயு கண்ணுக்குள் விரிந்தால் அழுத்தம் ஏறி நரம்பே செத்துப்போகும்.

அவர் திட்டி நான் கேட்டதில்லை. தவறான கருவியைக் கொடுத்தால் அதை அப்படியே தட்டில் திருப்பி வைத்துவிட்டு, கையை விரித்துக் காத்திருப்பார். அந்த விரித்த கைக்கு நான் பயந்த அளவுக்கு வேறு யாருடைய கத்தலுக்கும் பயந்ததில்லை.

இப்போது ரவுண்டு. கண்ணுக்குள் இருக்கும் பாகைப் பிரித்து எடுக்கும்போது அது விழித்திரையின் ஓரத்தை இழுத்துக் கிழித்துவிடக்கூடும். ஓரத்தில் இருக்கும் சின்னக் கிழிசல் அன்றைக்குத் தெரியாது. அதன் வழியாக நீர் புகுந்து, பிறகொரு நாள் விழித்திரையே சுவரை விட்டுக் கழன்றுவிடும். அதனால் காற்று விடுவதற்கு முன்னால் ஓரம் முழுவதையும் ஒரு சுற்று பார்த்தே தீர வேண்டும். ஓரம் தானாகத் தெரியாது. மழுங்கிய முனை கொண்ட ஒரு கருவியால் வெள்ளை விழியை வெளியிலிருந்து மெதுவாக அழுத்தினால் உள்ளே அந்த இடம் மேடாகி மேலே வரும். அழுத்துவது என் வேலை. பார்ப்பது மேடத்தின் வேலை.

கடிகார முகம் போல் கண்ணைப் பிரித்துக்கொள்வோம். நோயாளியின் நெற்றிப் பக்கம் பன்னிரண்டு, கன்னப் பக்கம் ஆறு. மேடம் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார். அவருடைய லென்ஸில் படம் தலைகீழாகத் தெரியும். நான் பக்கவாட்டில், வெறும் கண்ணால் வெளியே பார்க்கிறேன். இரண்டு பேருக்கும் குழப்பம் வராமல் இருக்க எங்கள் அரங்கில் ஒரு வழக்கம் இருந்தது. எண்ணை நான் சொல்வேன். அவர் பார்த்துவிட்டு "ம்" என்பார். அந்த "ம்" வந்த பிறகுதான் கை நகர வேண்டும்.

செல்வமேரி அம்மா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமையல் செய்தவர். கணவர் உருக்காலையில் வேலை பார்த்து நின்றவர், அதிகம் பேசமாட்டார். அந்த அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார்.

"சட்டியில உப்பு போட்டா தெரியுது டாக்டரம்மா. எதுக்க நிக்கிற ஆளு மூஞ்சி தெரியல. காது ரெண்டும் கீது, நடுவுல எவனோ துடைச்சி வுட்டுட்டான். சூப்பர்வைசரு வந்து நின்னா, யாருப்பா நீ, போயி தட்டு கழுவுன்னுட்டேன். பேஜாராப் பூடுச்சி."

மேடம் சிரிக்கவில்லை. இடது கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணில் இதே ஓட்டைக்கு வேறெங்கோ அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. ஓட்டை மூடியது. பிறகு விழித்திரை கழன்றது. கேன்டீனுக்கு லீவு போட மனமில்லாமல் இவர் தாமதமாகப் போயிருக்கிறார். அந்தக் கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான். மிச்சம் இருப்பது வலது கண். அதன் நடுவில் அதே ஓட்டை.

"அந்தக் கண்ணு மாரியே இதுவும் பூட்டா?" என்று கேட்டார். அப்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை.

"அப்படி ஆகாதுன்னு எழுதிக் குடுக்க என்னால முடியாதும்மா. யார் செஞ்சாலும் வரக்கூடியது அது. ஆகாம இருக்க என்னென்ன பாக்கணுமோ அத்தனையும் பாப்போம். செய்யாம விட்டா நடுப்பார்வை இன்னும் மங்கும்."

செல்வமேரி அம்மா கணவர் பக்கம் திரும்பினார். "யோவ், இன்னா சொல்ற?"

"உன் இஷ்டம்" என்றார் அவர்.

"பாத்தீங்களா, கண்ணாலம் கட்ன நாள்லேந்து இதான் பதிலு" என்று சொல்லிவிட்டு எங்களிடம், "செஞ்சிடுங்க" என்றார்.

அறுவைச் சிகிச்சை நாளன்று கண்ணுக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்தோம். நோயாளி விழித்துக்கொண்டுதான் இருப்பார், பேசுவது காதில் விழும். அவருக்கு ஒரு தொந்தரவு இருந்தது. வருஷக்கணக்காக மிளகாய் தாளித்த புகையில் நின்றவர், அடிக்கடி இருமுவார். கண்ணுக்குள் கருவி இருக்கும்போது தலை அசைந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக எங்களிடம் ஒரு ரப்பர் பந்து உண்டு. அமுக்கினால் கீச்சென்று சத்தம் போடும் குழந்தைப் பொம்மை. இருமல் வருவது போல் இருந்தால் முதலில் அதை அமுக்க வேண்டும், நாங்கள் கருவிகளை வெளியே எடுத்த பிறகு இரும வேண்டும்.

"இன்னா பாப்பா, எனுக்கு பொம்மை குடுக்கிற?"

"கெட்டியாப் புடிச்சுக்கோங்கம்மா. இதான் உங்க பிரேக்."

சவ்வு உரிக்கும் கட்டம் நன்றாகவே போனது. அப்போது யாரும் பேசமாட்டோம். ஓட்டையைச் சுற்றி வட்டமாகச் சவ்வு கழன்று வந்ததும் மேடம் மூச்சை விட்டார். "ரவுண்டு" என்றார்.

நான் அழுத்தத் தொடங்கினேன். பன்னெண்டு. ம். ஒண்ணு. ம். அப்படியே கீழ்ப்பக்கமாக வந்துகொண்டிருந்தோம். கீச் என்று சத்தம் வந்தது. மேடத்தின் இரண்டு கைகளும் கண்ணை விட்டு வெளியே வந்துவிட்டன. என் கையும் விலகியது. துணிக்குக் கீழே செல்வமேரி அம்மா இருமித் தீர்த்தார். மயக்க மருந்து டாக்டர் தலையைப் பிடித்துக்கொண்டார். இருமல் அடங்க நேரம் பிடித்தது. "மன்னிச்சிக்கோங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "நல்ல வேலை பண்ணீங்க, அப்படித்தான்" என்றார் மேடம்.

மறுபடி கருவிகள் உள்ளே போயின.

"ஆறு முடிஞ்சது. ஏழுலேர்ந்து வா" என்றார் மேடம்.

நான் ஏழில் வைத்தேன். ஏழு, ம், எட்டு, ம் என்று பன்னிரண்டுக்குத் திரும்பி வந்தோம். மேடம் கையை நீட்டி, "காத்து" என்றார். காற்றுக் குழாயைத் திறப்பதும் என் பொறுப்புதான்.

என் கை குழாய்த் திருகின் மேல் இருந்தது. திருப்பவில்லை. ஐந்து என்று நான் சொன்னேனா? ஆறு என்று சொன்னேனா? சொல்லியிருப்பேன். மேடம் பார்த்தேன் என்கிறாரே. ஆனால் என் கை ஐந்தில் வைத்ததும் ஆறில் வைத்ததும் எனக்கு நினைவில் இல்லை. நாலுக்குக் கிடைத்த "ம்" நினைவிருக்கிறது. அதன் பிறகு நினைவிருப்பது கீச் மட்டும்தான்.

சந்தேகப்படுவது எனக்குப் புதிதல்ல. பள்ளிப் பரீட்சையில் பேப்பரைக் கொடுத்துவிட்டு ரோல் நம்பர் எழுதினேனா என்று திரும்ப ஓடிப் போய்ப் பார்த்தவள் நான். எழுதித்தான் இருப்பேன். அதனால் என் சந்தேகத்துக்கு நானே பெரிய மதிப்பு கொடுப்பதில்லை. அதோடு மேலும் ஒரு சுற்று என்பது சும்மா கிடைப்பதல்ல. சவ்வு உரித்த புண் ஆறாத இடத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம். கண்ணின் மேல் இன்னும் கொஞ்சம் அழுத்தம். இன்னொரு இருமலுக்கு இன்னொரு வாய்ப்பு.

"மேடம்" என்றேன். "அஞ்சும் ஆறும் எனக்கு ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்கு."

நான் குழாயைத் திறக்கவில்லை.

"உனக்கு இல்லையா?"

"இல்ல மேடம்."

அவர் தலையைத் தூக்கவே இல்லை. நீட்டிய கை விளக்கைத் திரும்பப் பிடித்தது.

"ஒளியைக் குறை. மொதல்ல இருந்து சுத்து."

மறுபடி பன்னிரண்டிலிருந்து தொடங்கினோம். அந்தச் சுற்றில் எண்களை நான் சத்தமாகவே சொன்னேன். நாலு, ம். அஞ்சு, ம். ஆறு என்று சொல்லி அழுத்தினேன். ம் வரவில்லை.

"நில்லு. அங்கியே வை."

என் கை அங்கேயே நின்றது.

"கொஞ்சம் உன் பக்கம். போதும். லேசர் குடுங்க."

கன்னப் பக்கத்து ஓரத்தில், பிறைபோல் ஒரு சின்னக் கிழிசல். அதன் நுனியில் பாகின் இழை ஒன்று இன்னும் ஒட்டி இழுத்துக்கொண்டிருந்தது. மேடம் அந்த இழையை வெட்டிவிட்டு, கிழிசலைச் சுற்றி லேசரால் புள்ளி புள்ளியாகச் சுட்டு வேலி போட்டார். மீதிச் சுற்றையும் முடித்தோம். அதன் பிறகுதான் காற்று, பிறகு வாயு. வாயுவின் அளவை நானும் ஜெனிபரும் வாய்விட்டுச் சொன்னோம்.

கை கழுவும் இடத்தில் மேடத்திடம் கேட்டேன். "மேடம், அது மொதல் ரவுண்டுலயே இருந்ததா?"

"நான் ஆறைப் பாத்த ஞாபகம் எனக்கு இப்பவும் இருக்கு. அங்க ஒண்ணும் இல்ல. அது நெஜமா மொத ரவுண்டுல பாத்த ஞாபகமா, நாலைப் பாத்துட்டு ஆறுன்னு நெனச்சேனா, தெரியல."

"நான் ரெண்டாவது தடவை அழுத்தினதுல கிழிஞ்சிருக்குமா?"

"இழை இழுத்துக்கிட்டு இருந்தது. இருமினப்ப கிழிஞ்சிருக்கலாம். பாகை எடுத்தப்பவே கிழிஞ்சிருக்கலாம். நீ அழுத்தினப்பவும் கிழிஞ்சிருக்கலாம், நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன்." கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அந்த இழை அங்க இருந்தா இன்னிக்கி இல்லேன்னா நாளைக்கு கிழிக்கும். இன்னிக்கி நாம பாத்துக்கிட்டு இருக்கும்போது கிழிஞ்சது, இல்ல தெரிஞ்சது. எதுவா இருந்தாலும் அடைச்சாச்சு."

அவர் போகும்போது, "நீ கேக்கலைன்னா நானே இன்னொரு தடவை சுத்தியிருப்பேன்னு சொல்லிக்க எனக்கு ஆசைதான்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் அரங்கில் ஒரு விதி வந்தது. ரவுண்டு பாதியில் நின்றால், எங்கே நின்றது என்று யாரும் யோசிக்கக் கூடாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

செல்வமேரி அம்மா முகம் கவிழ்த்து இருக்க வேண்டிய நாட்களை எப்படிக் கழிப்பாரோ என்று எனக்குக் கவலை. அவர்கள் வீடு ஒற்றை அறை. அதிகம் பேசாத கணவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் முகம் நுழையும் அளவுக்குத் துளை போட்டு, ஓரத்தைச் சூடு காட்டி மழுக்கி, அதைச் சுற்றிப் பழைய புடவையால் சும்மாடு கட்டிவிட்டார். தண்ணீர்க் குடத்துக்குத் தலையில் வைப்பார்களே, அதே சும்மாடுதான். அந்த அம்மா நாற்காலியில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, அதில் முகத்தை வைத்துக்கொண்டார்.

முதல் பரிசோதனைக்கு வந்தபோதும் குனிந்தே வந்தார். "தரையைப் பாத்துக்கினே எத்தினி நாளு பாப்பா. எறும்பு போனாக்கூட தெரியல, பேச்சுத் தொணைக்கு அதுவாச்சும் இருக்கும்." உயரத்தில் வாயு விரிந்துவிடும், அது கரையும் வரை விமானத்தில் போகக் கூடாது என்று வழக்கம்போல் நான் சொன்னதற்கு, "சரி, துபாய் போறதைத் தள்ளி வெச்சிக்கிறேன்" என்றார்.

"உங்களை ஒண்ணு கேக்கணும்மா" என்றேன். "நான் ஞாபகம் இல்லேன்னு சொன்னது உங்க காதுல விழுந்ததா?"

"வுழாம இன்னா. பயந்தே பூட்டேன். இந்தப் பொண்ணு மறந்துட்டாளே, இருக்கிற ஒத்தைக் கண்ணும் பூடுச்சின்னு. அப்பால அந்தம்மா சுத்துன்னாங்க. சரி, ரெண்டு பேரும் முழிச்சிக்கினுதான் கீறாங்கன்னு வுட்டுட்டேன்."

வாயு கரைந்தபின் எடுத்த ஸ்கேனில் ஓட்டை மூடியிருந்தது. விழித்திரை சுவரோடு ஒட்டியே இருந்தது. பார்வை மெதுவாகத்தான் ஏறியது. கதவுச் சட்டம் இன்னும் கொஞ்சம் வளைந்துதான் தெரிகிறது என்றார். அது முழுவதும் சரியாகாமலும் போகலாம் என்று மேடம் சொல்லிவிட்டார். பிறகு ஒரு நாள் வரிசையில் உட்கார்ந்திருந்தவர், நான் கடந்து போகும்போது கையைப் பிடித்து நிறுத்தினார். முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீதான அந்தப் பாப்பா? கொரலை வெச்சி குண்டா இருப்பேன்னு நெனச்சேன். ஒட்டடக்குச்சி மாரி கீறியே. நாஷ்டா துன்றியா இல்லியா?"

கணவர் பக்கத்தில் இருந்தார். "என்னையும் அப்டித்தான் சொன்னா. கெழவன் ஆயிட்டியேன்னு" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை நிம்மதியாகப் புதிய பெண்களிடம் சொல்லிவிடுவேன். முடியவில்லை. அதன் பிறகு நான் கேட்கத் தொடங்கினேன். எல்லாவற்றுக்கும். "மேடம், ரெண்டு சரியாத் தெரிஞ்சதா? மேடம், ஒன்பது?" ஒரு முறை, ஊத்துக்கோட்டைக்காரர் ஒருவருக்கு, எங்கும் நிற்காமல் ஓடிய ரவுண்டுக்குப் பிறகும் எனக்கு ஏதோ விட்டுப்போனது போல் இருந்தது. கேட்டேன். அன்று கருவிழி ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருந்தது.

"இந்தக் கண்ணுல இன்னும் வெளிச்சம் காட்ட எனக்கு இஷ்டமில்ல, சுகன்யா."

"சரி மேடம்."

"சரின்னா? சந்தேகம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

சுற்றினோம். ஒன்றுமே இல்லை. அந்த ஊத்துக்கோட்டைக்காரருக்குப் பார்வை நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஒவ்வொரு முறை அவர் வரும்போதும் நானே முதலில் போய் அவருடைய ஸ்கேனை எட்டிப் பார்த்தேன். மேடம் அதைக் கவனித்தார். "இனிமே கேக்காதேன்னு சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். பாராட்டா, கண்டிப்பா என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு மகள் யாழினி பிறந்தாள். வேலையை விட்டதற்கு நான் எல்லோரிடமும் சொன்ன காரணம் குழந்தை. அது உண்மைதான். ஆனால், அரங்கில் மேடத்தின் பக்கத்தில் உட்காரும் ஒவ்வொரு நாளும் பயத்தோடுதான் உட்கார்ந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். குழந்தை வந்த பிறகு அது குறையவில்லை, கூடியிருக்கிறது. நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன், தெர்மாமீட்டர் வைக்கிறேன், வேறு தெர்மாமீட்டர் வைக்கிறேன்.

என் கணவர் முரளி காக்களூர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் வார்ப்பு யூனிட்டில் வேலை பார்க்கிறார். ஜெனிபர் போனதும் அவரிடம் சொன்னேன்.

"கேஸ் மூடினியா மூடினியான்னு எழுந்து எழுந்து போய்ப் பாக்குற. அங்க போயி அந்தம்மாவை எத்தினி ரவுண்டு சுத்த வுடுவ?"

"அதான் நானும் யோசிக்கிறேன்."

"சும்மா சொன்னேன்பா." கொஞ்ச நேரம் குழந்தையோடு விளையாடினார். "எங்க மெஷின்ல கை வெக்கறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணியான்னு பக்கத்தாளு கத்துவான். ஆஃப் பண்ணித்தான் இருப்பேன், எரிச்சலா வரும். அவன் லீவு போட்டா அன்னிக்கி எனக்கு வேலை ஓடாது. போ நீ. அந்த ரெண்டு நாளு நான் ஷிப்ட் மாத்திக்கிறேன். மிச்ச நேரத்துக்கு எங்க அண்ணி பாத்துக்கும்."

போகலாம் என்றுதான் மனம் சொல்கிறது. இதை எழுதும்போதே, விரல்கள் அந்தக் கருவியின் கனத்தைத் தேடுகின்றன. புதிய திரையில் எல்லோரும் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள் என்றால் ஐந்தா ஆறா என்ற குழப்பம் இனி வராது. இன்னொரு கண் ஓரத்தில் இருக்கும் இழையை ஆறு பேர் சேர்ந்து பார்ப்பார்கள். அது எவ்வளவு நல்ல விஷயம். ஆனால் திரையில் தெரிவதைப் பார்த்த பிறகும் ஒருத்திக்குச் சந்தேகம் வரும். அவள் பக்கத்தில் நான் நின்று, பேசு என்று சொல்ல வேண்டுமா, பொறு என்று சொல்ல வேண்டுமா?

வாசகர்களில் செவிலியர் இருப்பீர்கள், இயந்திரத்தில் வேலை செய்பவர்கள் இருப்பீர்கள், குழந்தை பிறந்த பிறகு பயம் கூடிப்போய், ஆனாலும் அப்படிப்பட்ட வேலைக்குத் திரும்பிய அம்மாக்கள் இருப்பீர்கள். நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். மற்றவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளை நீங்களோ உங்கள் வீட்டாரோ அந்த மேசையில் படுத்திருக்கும்போது, பக்கத்தில் ஒருத்தி, "எனக்கு ஞாபகம் இல்லை, இன்னொரு முறை பார்க்கலாம்" என்று சொல்வது காதில் விழுந்தால், அவள் அங்கே இருப்பது உங்களுக்குச் சம்மதமா? எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைக்காமல், உள்ளதை எழுதுங்கள். உங்கள் பதிலைப் படித்துவிட்டு மேடத்துக்குப் பதில் சொல்கிறேன்.